அணிக்கோவைகளால் முற்றொருமை நிறுவுதல்: வரலாறு

அணிக்கோவையின் பண்புகளைக் கொண்டு இயற்கணித முற்றொருமைகளை நிறுவுதல் என்பது, நீண்ட விரிவாக்கங்களைத் தவிர்த்து இரு கோவைகள் சமம் எனக் காட்டும் முறையாகும். தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் இது 'அணிகளும் அணிக்கோவைகளும்' என்னும் பாடத்தில் இடம்பெறுகிறது. நெய்வேலியில் தமிழ்வழியில் பயிலும் மாணவரும் முதலில் அணியை, பின்னர் அணிக்கோவையைக் கற்கிறார். வரலாற்றில் இவ்வரிசை தலைகீழானது.

தோற்றம்

சமன்பாடுகளைத் தீர்க்கும் முயற்சியிலேயே அணிக்கோவை பிறந்தது. சப்பானியக் கணிதவியலாளர் செக்கி தக்ககாசு 1683இலும், செருமானியரான லைப்னிட்சு 1693இலும் இதைத் தனித்தனியே கையாண்டனர். கிராமர் தம் விதியை 1750இல் வெளியிட்டார். 1812இல் கோசி, பினே இருவரும் பெருக்கல் விதியை ஒரே நாளில் அறிவித்தனர். 'அணி' என்னும் பொருளில் 'மேட்ரிக்சு' என்ற சொல்லைச் சில்வெசுட்டர் 1850இல்தான் வழங்கினார். கெய்லி 1858இல் அணி இயற்கணிதத்தை வகுத்தார்.

பெருக்கல் விதியின் பயன்

பிரம்மகுப்தர் 628இல் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் உள்ள முற்றொருமை:

(க² + ந·ச²)(த² + ந·ப²) = (க·த − ந·ச·ப)² + ந(க·ப + ச·த)²

முதல் நிரை (க, ந·ச), இரண்டாம் நிரை (−ச, க) உடைய அணிக்கோவையின் மதிப்பு க² + ந·ச². இதே அமைப்பில் த, ப கொண்ட அணிக்கோவையுடன் பெருக்கினால், பெருக்கலும் அதே அமைப்பிலேயே அமைகிறது. அதன் மதிப்பே வலப்பக்கம். க=3, ச=1, த=1, ப=2, ந=2 எனில் 11 × 9 = 99; வலப்பக்கம் 1 + 2 × 49 = 99.

காரணித் தேற்றம்

(1, க, க²), (1, ச, ச²), (1, த, த²) என்னும் நிரைகளில் க = ச எனக் கொண்டால் இரு நிரைகள் ஒன்றாகி, மதிப்பு சுழியாகும். எனவே (க−ச) ஒரு காரணி. அவ்வாறே (ச−த), (த−க) ஆகியனவும் காரணிகள். கோவையின் படி 3 என்பதால் வேறு மாறிக் காரணி இல்லை. மூலைவிட்ட உறுப்பு ச·த²-இன் கெழு இருபுறமும் 1 ஆதலால், மதிப்பு (க−ச)(ச−த)(த−க) ஆகும். இது வாண்டர்மாண்டு அணிக்கோவை எனப்படுகிறது. ஆயினும் அவருடைய நூல்களில் இவ்வடிவம் வெளிப்படையாகக் காணப்படவில்லை.

பாடநூலில் ஒரு வரியில் முடியும் பண்புகள், பலரின் உழைப்பால் நூற்றாண்டுகளாக உருவானவை.