எலி மருந்து உயிர் காத்த கதை

1933ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி மேடிசன் நகருக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் இருந்தவை மூன்று: செத்துப்போன ஒரு கிடேரி, பால் கேனில் உறையாத ரத்தம், சுமார் 45 கிலோ கெட்டுப்போன தீவனம். அன்று சனிக்கிழமை. கால்நடை அதிகாரியின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பல்கலைக்கழகத்தில் திறந்திருந்த ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார். அது கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வகம்.

இன்று உலகெங்கும் லட்சக்கணக்கானோர் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையின் கதையில் அந்தப் பால் கேனுக்கு முக்கியமான இடம் உண்டு.

மாடுகளுக்கு என்ன ஆயிற்று? 1920களிலேயே கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் இந்த நோய் பரவியிருந்தது. கொம்பு அறுத்தாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்காமல் ஓடி மாடு செத்துப்போகும். ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கனடா கால்நடை மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். 'ஸ்வீட் க்ளோவர்' என்ற தீவனப் பயிர் ஈரத்தில் பூசணம் பிடித்துப் போனால் அது விஷமாகிறது. நல்ல பயிரைத் தின்ற முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டதைத் தின்ற முயல் செத்தது.

பொருளாதார நெருக்கடி வாட்டிய காலம் அது. கெட்ட தீவனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்க ஏழை விவசாயிகளிடம் பணம் இல்லை. தீவனத்தை நிறுத்துங்கள், முடிந்தால் நல்ல மாட்டின் ரத்தத்தை ஏற்றுங்கள் என்பதற்கு மேல் லிங்கால் கார்ல்சனுக்கு எதுவும் சொல்ல முடியவில்லை.

ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. அந்த விஷத்தைப் பிரித்தெடுக்க அவருடைய குழு ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 1939இல் ஹெரால்ட் கேம்ப்பெல் என்ற உதவியாளர் அதன் படிகங்களைக் கண்டார். அதற்கு டைக்கூமரால் என்று பெயர் வந்தது.

மருத்துவர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது? ரத்தம் உறையாவிட்டால் ஆபத்து. உறையக் கூடாத இடத்தில் உறைந்தாலும் ஆபத்துதான். அறுவை சிகிச்சை முடிந்து பல நாள் படுத்திருப்பவரின் கால் நரம்பில் ரத்தக்கட்டு உண்டாகும். அது பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைத்தால், நன்றாகத் தேறி வந்தவர் திடீரென்று இறந்துபோவார். இதைத் தடுக்க அன்று இருந்தது ஹெபாரின் ஒன்றுதான். ஆனால் அது ஊசி மருந்து. மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய டைக்கூமரால் 1941இலேயே நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது.

இதற்கிடையில் லிங்குக்கு வேறொரு யோசனை வந்தது. 1945இல் காசநோய் சிகிச்சைக்காகப் படுத்திருந்தபோது எலி ஒழிப்பைப் பற்றிப் படித்தார். டைக்கூமராலைப் போல ஆய்வகத்தில் உருவாக்கிய பொருள்களில் 42ஆவது மிகவும் வீரியமானது. அதை எலி மருந்தாக்கினால் என்ன? ஆராய்ச்சிக்குப் பணம் தந்த அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வார்ஃபரின்' என்று பெயர் வைத்தார்கள். 1948இல் விற்பனைக்கு வந்தது. பல நாள் தின்ற பிறகே சாவு வருவதால் எலிக்குத் தின்னும் தீனி மேல் சந்தேகமே வரவில்லை!

எலியைக் கொல்வதை மனிதனுக்கு எப்படிக் கொடுப்பது? மருத்துவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை உடைத்தது ஒரு துயரச் சம்பவம். 1951இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஓர் இளைஞர் எலி மருந்தைத் தின்று தற்கொலைக்கு முயன்றார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்துச் சிகிச்சை செய்ததில் முழுமையாகப் பிழைத்துக்கொண்டார். மிதமிஞ்சிப் போனாலும் முறிக்க மருந்து உண்டு என்பது கண்ணெதிரே தெரிந்தது. 1954இல் மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. 1955இல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கே இந்த மருந்து கொடுக்கப்பட்டது.

உறுதியான சான்று 1960இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்து வந்தது. நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்த 35 பேரில் 16 பேருக்கு ஹெபாரினும், வார்ஃபரினின் உறவான அசெனோகூமராலும் கொடுக்கப்பட்டன. அவர்களில் ஒருவர்கூட அந்த அடைப்பால் இறக்கவில்லை. மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அதனால் இறந்தார்கள். பிறகு வந்தவர்களுக்கு மருந்தை மறுப்பது நியாயமில்லை என்று எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

வார்ஃபரின் ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. ஏற்கெனவே உள்ள கட்டியைக் கரைப்பதும் இல்லை. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே துணையோடு தயாரிக்கிறது. அந்த வைட்டமின் மறுபடி பயன்படாமல் வார்ஃபரின் தடுத்துவிடுகிறது. அதனால்தான் முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகிறது. கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பதால், ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் சாப்பிட்டால் மருந்தின் அளவு தடுமாறும்.

அளவுதான் இங்கே எல்லாம். குறைந்தால் ரத்தக்கட்டு, கூடினால் ரத்தப்போக்கு. ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு கணக்கு சொன்ன குழப்பத்தைத் தீர்க்க, 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்ற பொது அளவை ஏற்றது. பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்.

2010க்குப் பிறகு அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனாலும் இயந்திர வகைச் செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கு அவை ஒத்துவரவில்லை. அவர்களுக்கு இன்றும் வார்ஃபரின் வகை மருந்துதான்.

கார்ல்சனின் மாட்டைக் கொன்ற அதே குணம்தான் அவர்களின் உயிரைக் காக்கிறது. நடுவில் மாறியது மூன்றே விஷயம்: காரணம் தெரிந்தது, முறிக்கும் மருந்து தெரிந்தது, அளக்கத் தெரிந்தது.