நேரில் போய்ப் பார்த்தவர்கள்

சென்ற வாரம் கீழ்வெண்மணியோடு நிறுத்தியிருந்தோம். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோன வழக்கு அது. நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வசதியும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த 'நம்புவது கடினம்' இந்த வாரமும் வருகிறது. 24 ஆண்டுகள் கழித்து, வேறொரு மூலையில்.

தர்மபுரி மாவட்டம் அரூரிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போனால் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலைப் பக்கங்களில் வாழும், தமிழ் பேசும் மலைமக்கள். கொஞ்சம் காடு கழனி, ஆடு மாடு, விறகு, கூலி வேலை என்று ஓடிய பிழைப்பு. சுற்றியிருந்த காட்டில் சந்தன மரம் இருந்ததுதான் அந்த ஊருக்கு வினையாகப் போயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தர்மபுரி, சேலம், ஈரோடு வட்டாரங்களில் சந்தனக் கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. இந்த வியாபாரத்தில் மரத்தை வெட்டித் தோளில் சுமப்பவனுக்குக் கிடைப்பது கூலி. லாபம் போகிற இடம் வேறு, அந்த இடத்துக்கு அதிகாரிகளின் துணை இல்லாமல் ஒரு கட்டைகூடப் போய்ச் சேராது. ஆனால் 'கடத்தல்காரர்களைப் பிடித்தோம்' என்று கணக்குக் காட்ட வேண்டிய நாள் வந்தால், கைக்கு எட்டுவது மலையடிவாரத்துக் குடிசைதான்.

1992 ஜூன் 20, சனிக்கிழமை. காலையில் சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறையினருக்கும் ஊர்க்காரர்களுக்கும் தகராறு. வனத்துறை ஊழியர் ஒருவருக்கு அடிபட்டது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பிற்பகலில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று மூன்று துறையினரும் சேர்ந்து ஊரைச் சூழ்ந்தார்கள். பிற்பாடு குற்றப்பத்திரிகையில் ஏறிய பெயர்கள் மட்டும் 269. வனத்துறையினர் 155, போலீசார் 108, வருவாய்த்துறையினர் 6. அந்த 155 பேரில் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் நான்கு பேர்.

ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்கள் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். வீடுவீடாக இழுத்து வந்து ஊர் நடுவே மரத்தடியில் உட்காரவைத்து அடித்தார்கள். பிறகு இளம்பெண்களை மட்டும் பிரித்தார்கள். ஒளித்து வைத்த சந்தனக்கட்டையைக் காட்டச் சொல்லி ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பள்ளி வயதுச் சிறுமியும் அதில் இருந்தாள்.

அன்று இரவு எல்லாரையும் அரூர் வனச்சரக அலுவலகத்தில் அடைத்தார்கள். அங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்கவுண்டரை நடுவில் நிறுத்தி, பெண்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, அவரை அடிக்கச் சொன்னார்கள். மலையாளி சமூகத்தில் ஊர்க்கவுண்டர் என்றால் கல்யாணம், காரியம், வழக்கு, திருவிழா எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற பெரியவர். எதை உடைத்தால் ஒரு ஊர் நிமிர முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே உடைத்திருக்கிறார்கள். கோபத்தில் கைமீறிய சம்பவம் என்று பின்னாளில் சொல்லப்பட்ட சமாதானங்களுக்கு இந்தத் துடைப்பம் ஒன்றே பதில்.

90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள். இந்த 133 பேரும் சந்தனக் கடத்தல்காரர்களாக எழுதப்பட்டு சேலம் சிறைக்குப் போனார்கள். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று மிரட்டப்பட்டிருந்ததால் நடந்ததை யாரும் வெளியே சொல்லவில்லை. ஆளில்லாத ஊருக்கு அடுத்தடுத்த நாட்களிலும் அந்தப் படை வந்தது. வீடுகளை இடித்தார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள். மிச்சத்தைக் குடிநீர்க் கிணற்றில் வீசினார்கள். வருஷம் முழுக்கச் சாப்பிட வைத்திருந்த தானியத்தைக் கொட்டிக் கண்ணாடிச் சில்லைக் கலந்தார்கள், மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். சிறையிலிருந்து திரும்பினாலும் இங்கே யாரும் உலை வைக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

வெளியுலகத்துக்கு இது தெரிய மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஜூலையில் சித்தேரிப் பக்கம் போனபோது அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. சங்கத்தின் பெ. சண்முகம் தோழர்களோடு வாச்சாத்திக்கே போனார். ஊரில் ஆளில்லை. இடிந்த வீடுகளையும் நாறிய கிணற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு, மலையில் ஒளிந்திருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் அறிக்கை விட்டார், பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகச் சொன்னது. அரசு தரப்பு அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று மறுத்தது. தங்கள் வீட்டைத் தாங்களே இடித்துக்கொண்டார்கள் என்றுகூட அப்போது பேச்சு அடிபட்டது.

உயர் நீதிமன்றத்தில் முதல் சுற்றில் என்ன ஆயிற்று? மனு தள்ளுபடி. பொறுப்புள்ள அரசு அதிகாரிகள் இப்படி நடந்திருப்பார்கள் என்பதை ஏற்க முடியாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வெண்மணியில் மிராசுதார்களுக்குக் கிடைத்த அதே மரியாதை இங்கே சீருடைக்குக் கிடைத்தது. இதைச் சட்டப் பிழை என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடிபட்டவர் சொல்லுக்கு ஆதாரம் கேட்ட நீதிமன்றம், பெரிய மனிதரின் குணத்தை ஆதாரமே இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

வழக்கின் போக்கைத் திருப்பியவர்களில் ஓர் அதிகாரியும் உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி, 1992 ஆகஸ்டில் வாச்சாத்திக்கு நேரில் போனார். இடிபாடுகளைப் பார்த்தார், பெண்களிடம் பேசினார். அந்தப் பெண்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை எழுதினார். அரசு இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்த நேரத்தில், அரசு முத்திரையோடு வந்த காகிதம் அது. சக அதிகாரிகளுக்கு எதிராக ஓர் அதிகாரி பேனா எடுப்பதன் கனத்தை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

1995 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. மறுவருஷம் குற்றப்பத்திரிகை. அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்கள் வரிசையாக நின்ற ஆண்களின் முகத்தைப் பார்த்துக் கைநீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அதன்பின் இழுத்தடிப்புக்குப் பஞ்சமில்லை. கோவையில் தொடங்கிய வழக்கு கிருஷ்ணகிரிக்கு மாறி, தர்மபுரிக்கு வந்து சேர்ந்தது. வாய்தா வாய்தாவாக, கூலியை விட்டுவிட்டு அந்தப் பெண்கள் பஸ் ஏறினார்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாண வயது வரும்வரை ஏறினார்கள். கூண்டில் நின்று ஏரிக்கரையில் நடந்ததை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கக் கேட்கத் திரும்பச் சொன்னார்கள். சமாதானமாகப் போகலாம் என்று வந்த தூதுக்கெல்லாம் அவர்கள் மசியவில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி முதன்மை செஷன்ஸ் நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பு வாசித்தார். 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுபடவில்லை. பாலியல் வன்கொடுமைக்காக 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு. மற்றவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. சீருடைக்காரர்கள் இத்தனை பேர் ஒரே வழக்கில் மொத்தமாகத் தண்டிக்கப்பட்டதற்கு இணையாக நம் நாட்டில் இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். ஆனால் அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். இன்னும் 12 ஆண்டுகள் ஓடின.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போனார். ஏரிக்கரை, மரத்தடி, வீடுகள் எல்லாவற்றையும் பார்த்தார், ஊர்க்காரர்களிடம் பேசினார். அரூரும் சித்தேரியும் சென்னையிலிருந்து போய்வர முடியாத தூரத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 1992-லேயே யாராவது ஒரு நீதிபதி காரில் ஏறியிருந்தால் கிணற்றின் நாற்றமே சாட்சி சொல்லியிருக்கும்.

2023 செப்டம்பர் 29. செஷன்ஸ் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு வருஷம். எல்லா மேல்முறையீடுகளும் தள்ளுபடி. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு. வேலையோ சுயதொழிலோ ஏற்பாடு செய்து தரும்படியும் அரசுக்குச் சொன்னார் நீதிபதி. உண்மையான கடத்தல்காரர்களையும் அவர்களுக்குப் பின்னால் இருந்த பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே இந்த மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்று, ஊர் முப்பது வருஷமாகச் சொல்லிவந்ததை நீதிமன்றமும் சொன்னது.

அதே தீர்ப்பில் இன்னோர் உத்தரவும் உண்டு. சம்பவ காலத்தில் பதவியில் இருந்த மாவட்ட கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது. சேதி வெளியே வந்த 1992 ஜூலையிலேயே மாவட்ட நிர்வாகம் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாததற்கு, 31 ஆண்டுகள் கழித்துத்தான் முதல்முறையாக ஒரு நீதிமன்றம் கணக்குக் கேட்டிருக்கிறது.

அடுத்த வாரம்: ஏர்வாடி, 2001.