மூன்று இடைவேளை

எங்கள் ஊர்க் கொட்டகையில் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. கோயமுத்தூருக்குப் போய்ப் படம் பார்த்து வந்தவர்கள் அங்கே ஒரே இடைவேளைதான் என்று பெருமையடிப்பார்கள். எனக்கு மூன்றுதான் கணக்கு. என் அப்பா அந்தக் கொட்டகையில் ஆபரேட்டர். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. 16 ரீல் படம் வந்தால் நாலு நாலு ரீலாக ஒட்டி, பெரிய சக்கரங்களில் சுற்றி வைத்துக்கொள்வார். ஒரு சக்கரம் முக்கால் மணி நேரம் ஓடும். அது முடிந்ததும் கொட்டகை விளக்கைப் போட்டுவிட்டு, அடுத்த சக்கரத்தை மாட்டி, எரிந்து குட்டையாகிப்போன கார்பன் குச்சியை மாற்றி, மறுபடி ஓட்டுவார். அந்த ஐந்து நிமிட வெளிச்சத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பல்லடத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலை எங்கள் சீமைக்காரர் ஒருவர்தான் முன்னால் நின்று நடத்தினார் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. கோயமுத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சி ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். படக்கருவியோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே வந்தபோது நோயில் விழுந்தார். அவருடைய கருவியையும், ‘இயேசுவின் வாழ்க்கை’ உள்ளிட்ட படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். மாதச் சம்பள வேலையை உதறிவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். அலைந்து சம்பாதித்தவர், 1914இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி நிலைகொண்டார். அது பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் எழுந்ததும் வெரைட்டி ஹாலுக்கு ஓராண்டு முன்புதான். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியாகித் தமிழ்த் திரை பேச ஆரம்பித்தது. இரண்டே ஆண்டில், 1933இல், கல்கத்தா கம்பெனியோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ எடுத்தார் வின்சென்ட்.

நகரங்களில் கட்டடங்கள் எழுந்த பிறகும் கிராமங்களுக்குக் கூடாரம்தான் வாய்த்தது. துணிக் கூடாரம் போய்க் கீற்றும் தகரமும் வந்தன. பெயர் மட்டும் டெண்டுக் கொட்டகை, டூரிங் டாக்கீஸ் என்றே நின்றது. பக்கமெல்லாம் திறப்பு, அதனால் இருட்டிய பிறகுதான் படம். 1955ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டப்படி குறிப்பிட்ட காலத்துக்குத்தான் லைசென்ஸ்; முடிந்தால் புதுப்பிக்க அலைய வேண்டும். கூம்பு ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால், அம்மா தூக்குப்போசியில் அப்பாவுக்குச் சோறு போட்டு என் கையில் கொடுத்து அனுப்புவார்.

ஆபரேட்டர் அறை செங்கல் சுவர், தகரக் கதவு. வாசலில் மணல் நிரப்பிய சிவப்பு வாளி தொங்கும். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அந்தப் பயத்தில் பிறந்த வழக்கம், தீப்பிடிக்காத பிலிம் வந்த பிறகும் போகவில்லை. உள்ளே பிலிம் ஒட்டும் சிமென்ட்டின் நெடி. புரொஜெக்டரின் விளக்குக் கூட்டுக்குள் இரண்டு கார்பன் குச்சிகளை முட்ட வைத்து, வெடுக்கென்று மயிரிழை பிரிப்பார் அப்பா. ‘உஸ்’ என்று நீலமும் வெள்ளையுமாக ஒரு ஒளி பிடிக்கும். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விடுவார். குச்சிகள் எரிய எரிய இடைவெளி கூடும். திருகைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் அசந்தால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். வலது கட்டைவிரலில் அந்தத் திருகு பதித்த காய்ப்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது.

சோற்றைக் கொடுத்த பிறகும் நான் வீடு திரும்ப மாட்டேன். தரையில், பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இடுப்புயர மண்சுவர். 1970களின் தொடக்கத்தில் தரை டிக்கெட் 25 காசு. மணலைக் குவித்துத் தலைவாணியாக்கிக் குழந்தையைக் கிடத்துவார்கள். இப்படித்தான் ஒரு நாள், தோட்டத்துக்காரம்மா ஒருவர் பெஞ்சில் இடமில்லாமல் தரையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்திலேயே, அவர் தோட்டத்தில் களை வெட்டும் அக்கா, கைப்பிள்ளையோடு. இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் அந்த அக்காவின் ஆட்களுக்குத் தனிக் குவளை இருந்த காலம் அது.

முதல் இடைவேளை. விளக்கு எரிந்தது. பிள்ளை தூக்கத்தில் புரண்டு, அதன் கால் இரண்டும் தோட்டத்துக்காரம்மாவின் மடியில் கிடந்தன. அக்கா பதறி இழுக்கப் போனார். “இருக்கட்டும், முழிச்சுக்கும்” என்றார் அந்த அம்மா. சொன்னாரே தவிர, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவது இடைவேளையிலும் கால்கள் அங்கேயே இருந்தன. மூன்றாவதில் அவர் முறுக்கு வாங்கி அக்காவுக்கும் ஒன்று நீட்டினார்.

டீக்கடைக் குவளை மறுநாளே ஒன்றாகிவிடவில்லை. பல வருடம் ஆனது. ஆனாலும் ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி 1981இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்த மணல்தான் கண்முன் வந்தது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை, அங்கே இடம் கொடுத்தது கையிலிருந்த காசு என்பது அவர் கருத்து. கோயில் மண்டபத்திலும் கூத்துக் களத்திலும் நிற்கும் இடம் பிறப்போடு வந்தது. இங்கே 25 காசு போதும். அப்படி உட்கார்ந்ததை இருட்டு மறைத்தது; இடைவேளை வெளிச்சம் ஊருக்குக் காட்டிக் காட்டிப் பழக்கியது.

பிற்பாடு அப்பா டவுன் தியேட்டருக்கு வேலை மாறினார். அங்கே இரண்டு புரொஜெக்டர். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னினால் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது புள்ளி, உடனே மாற்ற வேண்டும். ரீல் மாறியது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, அதுதான் ஆபரேட்டருக்கு அழகு என்பார். எண்பதுகளில் டிவியும் வீடியோ டெக்கும் பரவ, எங்கள் கொட்டகை மூடியது. இன்று அந்த இடத்தில் விசைத்தறிக் கூடம். இரவெல்லாம் தறிச் சத்தம். கார்பன் போய்ச் செனான் விளக்கு வந்தது, பிறகு டிஜிட்டல் வந்து பிலிமே போயிற்று.

அப்பாவின் கடைசிக் காலத்தில் அந்தப் பிள்ளையின் கால்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதையெல்லாம் நான் எங்க கண்டேன் அம்மிணி? அந்நேரத்துக்குக் கார்பன் மாத்தீட்டு இருந்திருப்பேன்.”