பன்றிப் பண்ணையும் நச்சுயிரியும்: நிப்பா தந்த பாடம்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில் பன்றி வளர்ப்போரிடையே கடுங்காய்ச்சலும் மூளையழற்சியும் தோன்றின. மருத்துவ உலகம் அதனை ஜப்பானிய மூளையழற்சி என்று கருதியது. பன்றியின் உடலில் பெருகிக் கொசுவின் வழியே மனிதரை அடையும் அந்நோய் இந்நாட்டிற்குப் புதிதன்று. ஆதலால் கொசு ஒழிப்புப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆயினும் மரணங்கள் தொடர்ந்தன. நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

ஜப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கோ பண்ணைகளில் உழைத்த ஆடவரே மிகுதியாக வீழ்ந்தனர். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. எனினும் பன்றிகளோடு தொடர்பில்லாத அண்டை வீட்டார் பெரும்பாலும் நலமாகவே இருந்தனர். தடுப்பூசி பெற்றவர்களும் நோயுற்றனர். பன்றிகளோ உரத்த குரலில் இருமின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டது.

அந்நச்சுயிரியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால். நோய் தொடங்கிய பண்ணையில் கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் வளர்ந்திருந்தன. வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. முதன்முறை நுழைந்த நச்சுயிரி மந்தையில் விரைந்து பரவியது. நோயுற்ற பன்றிகளுள் பெரும்பாலானவை பிழைத்து எதிர்ப்பாற்றல் பெற்றதால், பற்றுவதற்கு உடலின்றி அது அடங்கியது. மீண்டும் நுழைந்தபோது நிலைமை வேறு என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் விளக்கின. தாயிடமிருந்து பெற்ற தற்காலிகப் பாதுகாப்பைக் குட்டிகள் வெவ்வேறு நாள்களில் இழந்துகொண்டிருந்தன. புதிய குட்டிகளும் இடையறாது பிறந்தன. ஈரவிறகில் புகையும் நெருப்பைப்போல் நச்சுயிரி நெடுநாள் நிலைத்தது. விற்கப்பட்ட பன்றிகளோடு அது மாநில எல்லையையும் கடந்தது.

நச்சுயிரி தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம் சிறு பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவை பயனற்று மறையும். என்றேனும் ஒன்று அதன் பரவலுக்குத் துணையாகலாம். தொற்றுச் சங்கிலி நீளுந்தோறும் அத்தகைய வாய்ப்புகளும் பெருகும். மாறுவது நச்சுயிரியின் இயல்பு. அம்மாற்றத்திற்குக் காலமும் களமும் தருவது மனிதன் அமைத்த பண்ணை.

மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் உயிரிழந்தனர். இறக்குமதியான பன்றிகளைக் கையாண்ட சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளருள் 11 பேர் பாதிக்கப்பட்டு, ஒருவர் மாண்டார். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பல குடும்பங்களின் வாழ்வாதாரமும் அவற்றோடு மறைந்தது.

மாணவர்கள் இவ்வரலாற்றில் கருத வேண்டியது ஒன்று உண்டு. நோய்க்கு இட்ட தவறான பெயர், பல மாதங்கள் தவறான பகைவனோடு போரிடச் செய்தது. கொசுவை நோக்கிய கண்கள் கொட்டிலையும் அதன்மேல் கவிந்த மரத்தையும் காணவில்லை. பொருந்தாத சான்றைப் புறந்தள்ளாமல் வினவுவதே அறிவியலின் முதற்பாடம். அப்பாடம் வகுப்பறையிலேயே தொடங்க வேண்டும்.