தூங்கி வழிந்த ஜனாதிபதி: குறட்டையும் இரத்த அழுத்தமும்

குறட்டை என்றாலே நம்மில் பலருக்குச் சிரிப்புதான் வரும். "என்ன நிம்மதியான தூக்கம் பார்!" என்று பொறாமைப்படுபவர்களும் உண்டு. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்குபவரைக் கும்பகர்ணன் என்று கேலி செய்வோம். ஆனால் அந்தக் குறட்டைக்கும், டாக்டர் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்பது மருத்துவ உலகுக்கே மிகத் தாமதமாகத்தான் தெரிய வந்தது. அந்தக் கதையை ஒரு அமெரிக்க ஜனாதிபதியிடமிருந்து தொடங்கலாம்.

கூட்டத்தில் தூங்கியவர்

வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் அமெரிக்காவின் 27ஆவது ஜனாதிபதி. 1909 முதல் 1913 வரை பதவியில் இருந்தார். பதவிக் காலத்தில் அவருடைய எடை 330 பவுண்டுக்கும் மேல், அதாவது சுமார் 150 கிலோ!

எடையைக் குறைக்க அவர் முயற்சி செய்யாமல் இல்லை. 1905இல் இங்கிலாந்து மருத்துவர் நதானியேல் யார்க்-டேவிஸிடம் தபால் மூலமாகவே ஆலோசனை பெற்றார். உணவைக் குறைத்து, எடையைக் குறித்து அவருக்கு எழுதி அனுப்பினார். சில மாதங்களில் ஏறத்தாழ 60 பவுண்டு குறைந்தது. ஆனால் ஜனாதிபதி ஆவதற்குள் போன எடை எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

கூடவே தூக்கமும் வந்தது. நாடாளுமன்றச் சபாநாயகர் ஜோசப் கேனன் எதிரில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி தூங்கிவிட்டார். இறுதிச் சடங்குகளில் முன்வரிசையில் அமர்ந்து தூங்கினார். சீட்டாடும்போதும் தூங்கினார். இரவில் பலத்த குறட்டை வேறு. அவருடைய இராணுவ உதவியாளர் ஆர்ச்சிபால்ட் பட் இவற்றைக் கவலையோடு தம் கடிதங்களில் குறித்து வைத்தார். (இந்த பட் 1912இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப் போனவர்.)

அளக்கத் தெரிந்தது, ஆற்றத் தெரியவில்லை

இத்தாலியரான ரிவா-ரோச்சி கையில் கட்டும் பட்டைக் கருவியை உருவாக்கியது 1896இல். ஸ்டெதஸ்கோப் வைத்து மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கேட்டறியும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்னது 1905இல். ஆக டாஃப்ட் காலத்தில் இரத்த அழுத்தத்தை அளக்க முடிந்தது. அவருக்கு மேல் அளவு 210! 120க்குக் கீழே இருப்பதே இயல்பு என்று இன்று சொல்கிறோம்.

ஆனால் அதைக் குறைக்க அன்று நல்ல மருந்து இல்லை. வயதாக ஆக அழுத்தம் ஏறத்தான் வேண்டும், அப்போதுதான் இரத்தம் உறுப்புகளுக்குப் போய்ச் சேரும் என்று பல மருத்துவர்கள் நம்பிய காலம் அது. பின்னாளில் இன்னொரு ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் உயர் இரத்த அழுத்தத்தோடு போராடி, 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். எளிதாகச் சாப்பிடக்கூடிய மாத்திரைகள் 1950களின் இறுதியில்தான் வந்தன.

டாஃப்ட் என்ன செய்தார்? 1912 தேர்தலில் கட்சி பிளவுபட்டதால் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டுத் தோற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியரானார். பதவியை விட்ட 12 மாதங்களுக்குள் 60 பவுண்டுக்கு மேல் எடையைக் குறைத்தார். இந்த முறை அது திரும்பவில்லை. பகல் தூக்கம் போயே போய்விட்டது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 30 முதல் 40 வரை இறங்கியது. 1921இல் நாட்டின் தலைமை நீதிபதியாகி, 1930 வரை உழைத்து, 72ஆம் வயதில் இறந்தார்.

எடை, தூக்கம், அழுத்தம் மூன்றும் ஒரே நேரத்தில் இறங்கின. ஆனால் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அன்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு இருந்தது 'ஸ்லீப் ஆப்னியா', அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் என்று மருத்துவர் ஜான் சோடோஸ் ஆய்வுக் கட்டுரை எழுதியது 2003இல்தான்.

நோய்க்குப் பெயர் கிடைத்த கதை

இந்த நோயாளியை மருத்துவர்களுக்கு முன்பே ஒரு நாவலாசிரியர் பார்த்துவிட்டார். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்ற பருத்த பையன் எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பான். 1956இல் பர்வெல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு தொழில் நிர்வாகியைப் பற்றி எழுதினார்கள். அவர் போக்கர் ஆட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா கையில் இருந்தும் தூங்கிப்போய் ஆட்டத்தைக் கோட்டைவிட்டவர்! ஜோவை நினைவில் வைத்து அந்த நோய்க்கு 'பிக்விக்கியன்' என்று பெயரிட்டார்கள். ஆனால் காரணம் இரத்தத்தில் சேரும் கரியமில வாயு என்றே நினைத்தார்கள். இரவில் அவர் தூங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரு குழுக்கள் தனித்தனியே நோயாளிகளைத் தூக்கத்தில் கண்காணித்தன. அப்போதுதான் உண்மை தெரிந்தது. மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது! அடுத்து இத்தாலியின் போலோனியா நகரில் லுகரேசி குழுவினர், மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் எகிறுவதை அளந்து காட்டினார்கள். குறட்டையும் இரத்த அழுத்தமும் சந்தித்த இடம் அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு மூச்சுப் பாதை முழுவதுமாக அடைபடுகிறது. 10 விநாடி, சில நேரம் அதற்கும் மேல் காற்று போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடல் அபாயச் சங்கு ஊதுகிறது. நரம்புகள் முடுக்கப்பட்டு இரத்தக் குழாய்கள் சுருங்க, அழுத்தம் ஏறுகிறது. மூளை ஒரு கணம் விழித்து மூச்சை இழுக்க வைக்கிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. கடுமையான நோயில் மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நடக்கும். இயல்பாக இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய இரத்த அழுத்தம் இவர்களுக்கு இறங்குவதில்லை. நாளடைவில் பகலிலும் உயர்வாகவே நின்றுவிடுகிறது.

2000இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வு 709 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. மணிக்கு 15 முறைக்கு மேல் மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, தடையே இல்லாதவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 2003இல் அமெரிக்க இரத்த அழுத்த வழிகாட்டி, கண்டறியக்கூடிய காரணங்களின் பட்டியலில் ஸ்லீப் ஆப்னியாவைச் சேர்த்தது.

சிகிச்சை

முதலில் இருந்த ஒரே வழி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது. 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கோலின் சல்லிவன் வேறு வழி கண்டார். வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் கொண்டு மூக்கு வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினார். மூச்சுப் பாதை திறந்தே இருந்தது. நோயாளி நிம்மதியாகத் தூங்கினார். 1981இல் ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார். இன்று உலகெங்கும் பயன்படும் 'சிபாப்' கருவி இப்படித்தான் பிறந்தது.

இதுவும் மந்திரக்கோல் அல்ல. சிபாப் சராசரியாக 2 அல்லது 3 புள்ளிகள்தான் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. மாத்திரைகளுக்கு அடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். ஆனால் இரவில் சில மணி நேரம் மட்டும் போட்டுவிட்டுக் கழற்றி வைத்தால் போதிய பலன் கிடைக்காது. ஆகவே கருவியை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் தவறு, மாத்திரையை நம்பிக் குறட்டையை அலட்சியம் செய்வதும் தவறு. எடைக் குறைப்பு, உப்பைக் குறைத்தல், மதுவைத் தவிர்த்தல், ஒருக்களித்துப் படுத்தல் எல்லாம் சேர்ந்தே உதவும். 2024 டிசம்பரில் உடல் பருமனோடு ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற ஊசி மருந்தை அமெரிக்கா அனுமதித்தது. அதுவும் எடைக் குறைப்பு வழியில் வந்ததுதான். டாஃப்ட் 1913இல் தொட்ட இடத்துக்கே மருத்துவம் வந்து சேர்ந்திருக்கிறது!

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த நோய் உள்ளவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது, அவர் தூங்கிக்கொண்டிருக்கிறாரே! பக்கத்தில் படுத்திருப்பவர்தான் முதல் சாட்சி. வீட்டில் ஒருவர் பலமாகக் குறட்டை விட்டு, திடீரென்று அடங்கி, பிறகு திணறி மூச்சை இழுக்கிறாரா? பகலில் தூங்கி வழிகிறாரா? மாத்திரை சாப்பிட்டும் பி.பி. குறையவில்லையா? கேலி செய்யாதீர்கள். டாக்டரிடம் அழைத்துச் சென்று, நீங்கள் இரவில் பார்த்ததைச் சொல்லுங்கள். டாஃப்டைச் சுற்றி இருந்தவர்களும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அதன் பொருள்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரியும்.