பசுவுக்கும் வைத்தியம்: கிர்நார் முதல் பம்பாய் வரை

கிர்நார் யாத்திரை போகிற நம்மவர் பலர், மலையடிவாரத்துப் பாறையை ஏறிட்டும் பாராமல் படியேறிவிடுகிறார்கள். அசோகரின் இரண்டாம் சாசனம் அதில்தான் உள்ளது. மனிதருக்கும் விலங்குக்கும் தனித்தனிச் சிகிச்சை, மூலிகை இல்லாத ஊருக்குக் கொண்டுபோய் நடுதல், வழியோரக் கிணறு, மரம் என்று அது அடுக்குகிறது. சோழ, பாண்டிய, சத்தியபுத்திர, கேரளபுத்திர நாடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு என்கிறது. காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. அசோகர் பௌத்தராச்சே என்பீர்கள். இருக்கட்டுமே, தர்மம் ஒன்றுதானே!

இனி நாம் வாழும் மும்பைக்கு வருவோம். 1832-இல் தெருநாய்களைக் கொல்ல அரசு முனைந்தபோது பார்சிகள் கொதித்தெழுந்து கலகமே மூண்டது. 1834-இல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் குஜராத்தி வணிகர்களும் புலேஷ்வரில் பாஞ்சராபோல் அமைத்தார்கள். குஜராத் நகரங்களில் இத்தகைய காப்பகங்களுக்கு வியாபாரிகள் சரக்கின்மேல் 'லாகா' வசூலித்தார்கள். நம்மூரில் மகமை என்போமே, அதேதான்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பழைய பாஞ்சராபோல் பலவற்றில் புல் உண்டு, தண்ணீர் உண்டு, வைத்தியம் குறைவு. நொண்டி மாடு நொண்டியாகவே கிடந்து சாகும். 1880-களில் தின்ஷா மானக்ஜி பெட்டிட் பரேலில் விலங்கு மருத்துவமனை கட்டினார். 1886-இல் அங்கேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது.

கொல்லாமை பாதி தர்மம்தான். நோய் தீர்ப்பது மறுபாதி. பாறையில் வெட்டியிருப்பது சிகிச்சை என்கிற சொல். ஆகவே கோசாலைக்குக் கொடுக்கிற அன்பர்கள் தீவனத்தோடு நிறுத்தாமல், மருந்துக்கும் டாக்டருக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.