கிராஸ்ரோட்ஸ் ஆஃப் டுவைலைட்

கிராஸ்ரோட்ஸ் ஆஃப் டுவைலைட் என்பது அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டான் எழுதிய கனவுருப்புனைவுப் புதினம் ஆகும். இத்தலைப்பை அந்தியின் நாற்சந்தி எனத் தமிழில் கூறலாம். காலச் சக்கரம் எனப் பொருள்படும் 'த வீல் ஆஃப் டைம்' தொடரின் பதினான்கு நூல்களுள் இது பத்தாவது. டோர் புக்ஸ் பதிப்பகம் இதனை 2003 சனவரி 7 அன்று அமெரிக்காவில் வெளியிட்டது. முதற்பதிப்பு ஏறத்தாழ 680 பக்கங்கள் கொண்டது; நெடிய முன்னுரை ஒன்றும், முப்பது இயல்களும், சிறிய முடிவுரை ஒன்றும் இதில் உள்ளன. வெளிவந்தவுடன் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற இந்நூலே தொடரின் நூல்களுள் வாசகர்களிடம் மிகக் குறைந்த மதிப்பீட்டைப் பெற்றதும் ஆகும். இம்முரண்பாடே இந்நூலைப் பற்றிப் பின்னர் எழுந்த பேச்சுக்கெல்லாம் அடிப்படை.

பின்னணி

ராபர்ட் ஜோர்டான் என்பது ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி என்பவரின் புனைபெயர். இவர் 1948 இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். வியட்நாம் போரில் பணியாற்றியவர். பின்னர் இயற்பியல் பயின்றவர். தொடரின் முதல் நூலான 'தி ஐ ஆஃப் த வேர்ல்ட்' 1990 சனவரியில் வெளியானது. இரண்டாம் நூல் அதே ஆண்டின் நவம்பரிலேயே வந்தது. 1994 வரை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு நூல் என்ற முறை தொடர்ந்தது. அதன் பின்னர் இடைவெளிகள் நீண்டன. ஏழாம் நூல் 1996 இலும், எட்டாம் நூல் 1998 இலும், ஒன்பதாம் நூலான 'விண்டர்ஸ் ஹார்ட்' 2000 நவம்பரிலும் வெளிவந்தன. பத்தாம் நூலுக்காக வாசகர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தனர். இதன் முன்னுரை மட்டும் 2002 இலேயே மின்னூலாகத் தனியே விற்கப்பட்டது.

எதிர்பார்ப்பு மிகுந்ததற்கு ஒன்பதாம் நூலின் முடிவும் ஒரு காரணம். இக்கதையுலகில் மாய ஆற்றலுக்கு ஆண்பாதி, பெண்பாதி என இரு பகுதிகள் உண்டு. சயிதீன் எனப்படும் ஆண்பாதி மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நஞ்சேறிக் கிடந்தது. அதனைக் கையாண்ட ஆண்கள் காலப்போக்கில் பித்துப் பிடித்து அழிந்தனர். ஒன்பதாம் நூலின் இறுதி இயலில், ஷாடார் லோகோத் என்னும் பாழ்நகரின் அருகே கதைத்தலைவன் ராண்ட் அல்தோர் அந்த நஞ்சை நீக்குகிறான். தொடரின் மாபெரும் நிகழ்வுகளுள் இது ஒன்று. அடுத்து என்ன நிகழும் என்ற கேள்வியுடனேயே வாசகர் பத்தாம் நூலைக் கையில் எடுத்தனர்.

கதைச்சுருக்கம்

கதை ஐந்து இழைகளாகச் செல்கிறது.

மாட் காதன், எபு டார் நகரிலிருந்து தப்பி, ஊர் ஊராகச் செல்லும் வித்தைக் குழு ஒன்றில் ஒளிந்து பயணம் செய்கிறான். அவனுடன் இருப்பவள் டூவான். கடல் கடந்து வந்த ஷான்ச்சான் பேரரசின் வாரிசான இவளே ஒன்பது நிலவுகளின் மகள் எனப்படுபவள். தான் மணக்க வேண்டியவள் இவளே எனக் குறி கேட்டிருந்த மாட், அவளைக் கவர்ந்து வந்து, பின்னர் அவள் மனத்தைக் கவர முயல்கிறான்.

பெரின் அய்பாரா, ஷைடோ குலத்தாரால் சிறைபிடிக்கப்பட்ட தன் மனைவி ஃபயீலைத் தேடுகிறான். அவள் காணாமற்போன ஒவ்வொரு நாளுக்கும் தோல் கயிற்றில் ஒரு முடிச்சு இடுகிறான். தன் படைக்குத் தானியம் வாங்க அவன் செல்லும் சோ ஹாபோர் என்னும் ஊரில் களஞ்சியமெங்கும் வண்டு மொய்த்திருக்கிறது. இறந்தோரின் ஆவிகளைக் கண்டு அஞ்சிய ஊரார் குளிப்பதையும் துவைப்பதையும் கூட மறந்து கிடக்கின்றனர். பின்னர், பிடிபட்ட எதிரி ஒருவனிடமிருந்து செய்தி அறிவதற்காகப் பெரின் அவனது கையைத் தன் கோடரியால் வெட்டுகிறான். தன் செயலைக் கண்டு தானே திகைத்து, முதல் நூலிலிருந்து சுமந்துவந்த அக்கோடரியை அங்கேயே விட்டுச் செல்கிறான். இந்நூலைக் குறைகூறுவோர் கூட இவ்விரு பகுதிகளையும் பெரும்பாலும் ஏற்கின்றனர்.

எலேன், கேம்லின் நகரில் முற்றுகைக்குள் இருந்தபடி அரியணைக்கு உரிய ஆதரவைத் திரட்டுகிறாள். எக்வேன், பிளவுபட்ட ஐஸ் செடாய் மகளிரின் ஒரு பிரிவுக்குத் தலைவியாக டார் வாலோன் நகரை முற்றுகையிட்டிருக்கிறாள். ராண்டின் பார்வையில் ஓரிரு பகுதிகள் மட்டுமே வருகின்றன. பெருஞ்செயலுக்குப் பின் களைத்திருக்கும் அவன், இறுதிப் போருக்கு முன் ஷான்ச்சானியருடன் தற்காலிக உடன்பாடு காண விரும்பித் தூது அனுப்புகிறான். ஒன்பது நிலவுகளின் மகள் அவனைச் சந்திக்க இசைகிறாள் என்ற விடை முடிவுரையில் வருகிறது. அவள் மாட்டுடன் வித்தைக் குழுவில் இருப்பதை வாசகர் அறிவர்; ராண்ட் அறியான்.

முப்பதாம் இயலின் இறுதியில், டார் வாலோன் துறைமுகச் சங்கிலியை மாய ஆற்றலால் உருமாற்றச் செல்லும் எக்வேன் பகைவரிடம் சிக்குகிறாள். நூல் முழுவதிலும் கதையைத் தெளிவாக முன்நகர்த்தும் நிகழ்வு இதுவே எனலாம். அதுவும் கடைசிப் பக்கங்களிலேயே வருகிறது.

கட்டமைப்பு

இந்நூலின் சிக்கலைப் புரிந்துகொள்ள அதன் காலக் கட்டமைப்பை அறிதல் வேண்டும். சயிதீன் தூய்மையாக்கப்பட்டபோது எழுந்த ஆற்றல், உலகெங்கும் மாய ஆற்றல் உடையோரால் தொலைவில் எரியும் பெருந்தீயைப் போல உணரப்பட்டது. ஜோர்டான் இந்நூலில் ஒவ்வோர் இழையையும் அந்நாளை ஒட்டியே தொடங்குகிறார். மாட் ஓரிடத்தில் இருக்கிறான், நிகழ்வு உணரப்படுகிறது. பெரின் வேறோரிடத்தில் இருக்கிறான், அதே நிகழ்வு உணரப்படுகிறது. பின்னர் எலேன், பின்னர் எக்வேன். அது என்னவென்று அவர்களுள் எவருக்கும் தெரியாது. வாசகருக்கோ முழுவதும் தெரியும்.

ஒரு பெருநிகழ்வு பலரை எவ்வாறு தொடுகிறது என்பதைக் காட்டுவதே ஆசிரியரின் எண்ணம். ஆயின் நடைமுறையில் இதன் விளைவு வேறாயிற்று. வாசகர் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கடந்த பின்னரும் கதையின் நாட்காட்டி முந்தைய நூலின் இறுதி நாளை விட்டு அதிகம் நகர்வதில்லை. ஒவ்வொரு முறையும் கதை முன்னேறத் தொடங்கும் வேளையில் மீண்டும் பின்னோக்கி இழுக்கப்படுகிறது.

ஆகவே குறை நூலின் நீளத்தில் இருந்ததாகக் கூறுவது முழுதும் சரியன்று. இந்நூல் ஏறத்தாழ 2,70,000 சொற்கள் கொண்டது. தொடரின் நான்காம் நூலும் ஆறாம் நூலும் இதனினும் மிகப் பெரியவை. ஒவ்வொன்றும் 3,80,000 சொற்களுக்கு மேற்பட்டவை. அவ்விரண்டும் தொடரின் சிறந்த நூல்களாக இன்றும் பலரால் போற்றப்படுகின்றன. பக்கங்கள் மிகுந்தமையை விட, பக்கங்களுக்கு ஈடாக நிகழ்வுகள் இல்லாமையே வாசகரை வருத்தியது.

வாசகர் வரவேற்பு

நூல் வெளிவந்த சில நாட்களிலேயே கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. எதிர்ப்போர் தொகை பெரிது. அவர்களது கோபம் ஏமாற்றத்தின் கோபம் என்பதைக் கவனிக்க வேண்டும். இவர்கள் தொடரை வெறுத்தவர்கள் அல்லர். பத்தாண்டுக்கு மேலாக ஒவ்வொரு நூலையும் வாங்கிப் படித்தவர்கள். பள்ளிப் பருவத்தில் முதல் நூலைத் தொடங்கிய பலர் பத்தாம் நூல் வந்தபோது வேலைக்குச் சென்று கொண்டிருந்தனர்.

அவர்கள் கூறிய குறைகளுள் முதன்மையானது ஃபயீலின் சிறைவாசம். அவள் பிடிபட்டது எட்டாம் நூலில், 1998 இல். மீட்கப்பட்டதோ பதினோராம் நூலில், 2005 இல். கதைக்குள் வாரக்கணக்கில் கழியும் இச்சிறைவாசம் வாசகருக்கு ஏழு ஆண்டுகளாக நீண்டது. பெரினின் கயிற்று முடிச்சுகளை விட வாசகர் இட்டிருக்கக்கூடிய முடிச்சுகள் பன்மடங்கு. டார் வாலோன் முற்றுகையும் இவ்வாறே. 1998 இல் தொடங்கிய அப்பிணக்கு 2009 இல் வெளிவந்த நூலில்தான் தீர்ந்தது. ஆடைகளின் மடிப்பு, தேநீர்க் கோப்பைகள், அறைகலன்கள், எலேனின் குளியல் ஆகியவற்றின் நீண்ட வருணனைகளும் கேலிக்கு உள்ளாயின. ஒரு முறை மட்டும் வந்து மறையும் பெயர்கள் பெருகியமையும் இன்னொரு குறை. ஐஸ் செடாய் மகளிரின் பெயர்களை நினைவில் வைக்கக் குறிப்பேடு வேண்டும் எனப் பலரும் கூறினர். இது மிகையான கூற்றன்று.

எட்டு முதல் பத்து வரையிலான நூல்களை ஒருசேரக் குறிக்க, சேற்றில் காலை இழுத்து நடப்பதைச் சுட்டும் 'சிலாக்' என்ற ஆங்கிலச் சொல் தொடரின் அன்பர்களிடையே வழக்கில் வந்தது. சிலர் ஏழாம் நூலையும் இதில் சேர்ப்பர். இச்சொல் இன்றளவும் வழங்குகிறது. புதிதாகத் தொடரைத் தொடங்குவோரை மற்றவர்கள் முதலில் எச்சரிப்பது இதைப் பற்றியே.

ஆதரித்தோரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இறுதிப் போர் நெருங்கும் உலகம் எவ்வாறு சிறிது சிறிதாகச் சிதைகிறது என்பதை இந்நூல் போல் வேறெந்த நூலும் காட்டவில்லை என்பது அவர்கள் கருத்து. உணவு காரணமின்றிக் கெடுகிறது, இறந்தோர் உலவுகின்றனர். சோ ஹாபோரின் அழுக்கும் அச்சமும் இதற்குச் சான்று. முற்றுகை, பேச்சுவார்த்தை, தானியக் கொள்முதல் போன்ற மெதுவான செயல்கள் இன்றிப் போர்கள் நிகழ்வதில்லை என்றும் அவர்கள் கூறுவர். மாட், டூவான் இருவருக்கும் இடையிலான உரையாடல்கள் இந்நூலின் இன்பமான பகுதிகள் என்பதில் இரு சாராரும் பெரும்பாலும் உடன்படுகின்றனர்.

இக்கட்டமைப்பு தாம் எண்ணியவாறு அமையவில்லை என்பதை ஜோர்டானும் பின்னர் ஒப்புக்கொண்டார். ஒரே நாளிலிருந்து பல இழைகளைத் தொடங்கும் உத்தியை மீண்டும் கையாள மாட்டேன் என்ற பொருள்பட அவர் பேசியுள்ளார்.

பிற்கால நூல்களும் மறுமதிப்பீடும்

பத்தாம் நூலை அடுத்து 2004 சனவரியில் வெளிவந்தது, முதன்மைக் கதைக்கு முற்பட்ட நிகழ்வுகளைக் கூறும் 'நியூ ஸ்பிரிங்' என்ற நூல். கதை முன்செல்வதற்குக் காத்திருந்தோரை இதுவும் சலிப்புறச் செய்தது. 2005 அக்டோபரில் வெளியான பதினோராம் நூலான 'நைஃப் ஆஃப் டிரீம்ஸ்' நிலையை மாற்றியது. ஃபயீல் மீட்கப்பட்டாள், எலேன் அரியணையைப் பெற்றாள், மாட்டும் டூவானும் மணந்தனர். பத்தாம் நூலில் குவித்து வைக்கப்பட்டவை பல இங்கு பயன் தந்தன. தொடர் தன் பழைய வேகத்தை அடைந்ததென வாசகர் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தமக்கு இதயத் தசையைத் தாக்கும் அரிய நோயான அமிலாய்டு நோய் இருப்பதை ஜோர்டான் 2006 மார்ச்சில் அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று, தம் 58 ஆம் வயதில், தொடரை முடிக்காமலேயே காலமானார். பத்தாம் நூலின் தாமதத்தைக் கடிந்த பலருக்கு அக்கடிதல் அப்போது வேறு பொருள் தந்தது. மெதுவாகச் சென்ற பக்கங்களுக்காக அவர் செலவிட்ட ஆண்டுகள், அவரிடம் எஞ்சியிருந்த சில ஆண்டுகளுள் அடங்கியவை.

நோயுற்றிருந்த காலத்தில் ஜோர்டான் கதையின் முடிவுக்குரிய குறிப்புகளையும் சில பகுதிகளையும் விட்டுச் சென்றார். அவருடைய மனைவியும் நூல்களின் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், எஞ்சியதை முடிக்க பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தார். ஒரே நூலாகத் திட்டமிடப்பட்ட இறுதிப் பகுதி மூன்று நூல்களாக 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது.

தொடர் நிறைவுற்ற பின் பத்தாம் நூலைப் பற்றிய கருத்து ஓரளவு தணிந்தது. இன்று படிப்போர் ஒரு நூலை மூடியவுடன் அடுத்ததைத் திறக்கலாம். ஃபயீலின் சிறைவாசம் அவர்களுக்குச் சில வாரங்களில் முடிந்துவிடும். பணியை ஏற்றபோது தொடர் முழுவதையும் மீண்டும் படித்த சாண்டர்சனும், காத்திருப்பு இல்லாமல் படிக்கையில் இந்நூல் முன்பை விட நன்றாக அமைவதாகக் கருதினார். எனினும் மதிப்பீடுகளில் இதன் இடம் மாறவில்லை. காத்திருப்பு குறையைப் பெரிதாக்கியது உண்மை. ஆயின் காத்திருக்காதோரும் இந்நூலையே தொடரின் மந்தமான நூலாகக் குறிப்பிடுகின்றனர் என்பதால், கட்டமைப்பில் இருந்த பிழையைக் காத்திருப்பின் மேல் மட்டும் ஏற்ற இயலாது.

தொலைக்காட்சித் தழுவல்

இத்தொடரைத் தழுவி அமேசான் நிறுவனம் தயாரித்த தொலைக்காட்சித் தொடர் 2021 நவம்பரில் தொடங்கி மூன்று பருவங்கள் ஒளிபரப்பானது. மூன்றாம் பருவம் பெரும்பாலும் நான்காம் நூலை அடிப்படையாகக் கொண்டது. 2025 மே மாதத்தில் தொடர் நிறுத்தப்பட்டதால், பத்தாம் நூலின் நிகழ்வுகள் திரையில் இடம்பெறவில்லை.